நடுவீட்டுப் பூச்சாடி

சுண்டக்காய்ப்பட்டியில் ஒரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. அது என்னுடையது. எல்லாரும் போனிலேயே படம் பிடிக்க ஆரம்பித்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கடையைச் சாத்த மனசு வரவில்லை. எதிர்வீடு அப்படி. அங்கே மூன்று அண்ணன் தம்பிகள். அவர்கள் இருக்கும்போது எவன் காசு கொடுத்து சினிமாவுக்குப் போவான், சொல்லுங்கள்?

மூத்தவர் உலகநாதன். எதையும் யோசித்துத்தான் செய்வார், அதனால்தான் எல்லாம் கெட்டுப்போகும். அடுத்தவர் வெயிலுமுத்து. அண்ணன் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். கடைசி ஆள் சமுத்திரம். பேர்தான் சமுத்திரம், அலையெல்லாம் கிடையாது. படுத்தால் படுத்ததுதான். கூடப்பிறந்த தங்கச்சி சொர்ணத்தின் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் ஊரே எழுந்து நின்று அட்சதை போடுகிறது, இவன் பந்திப்பாயில் மல்லாந்தபடியே அட்சதையை மேலே எறிந்தான். அது நேரே அவன் வாயில் விழுந்தது. மென்றுகொண்டே தூங்கிவிட்டான். போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று பேரும் தங்கமான ஆட்கள். ஒரு சூதுவாது கிடையாது. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள கஷ்டமே. ஒருமுறை உலகநாதன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தார். "நேராப் பாருங்க"ன்னு சொல்லிப் படம் எடுத்தேன். "போதும்"னு சொல்ல மறந்துவிட்டேன். மனுஷன் நேராகப் பார்த்தபடியே எழுந்து, நேராகவே நடந்து, தெரு வளைகிற இடத்தில் வளையாமல், டீச்சர் வீட்டுச் சமையல்கட்டில் புகுந்து, பின்வாசல் வழியாக வெளியேறி, குளத்தில் இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கரையில் நின்று "போதும்"னு கத்தின பிறகுதான் தலையைத் திருப்பினார். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதற்கு முன் நாலு தடவை யோசிப்பேன்.

இந்தக் கதை சொர்ணத்தின் வளைகாப்புக்கு முந்தின நாள் ஆரம்பித்தது.

மத்தியானம் எதிர்வீட்டில் போன் அடித்தது. உலகநாதன் போனில் பேசினால் தெருவே கேட்கும், ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியாது. பேசியது சொர்ணம்.

"அண்ணே, நாளைக்கு வளைகாப்பு. வடிவு மதினி என்ன சொல்லிட்டாங்க தெரியுமா?"

வடிவு என்பது சொர்ணத்தின் நாத்தனார். கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில்தான், ஆனால் குடியிருப்பு தம்பி வீட்டில். பீரோ சாவி, மளிகைச் சாமான் வைக்கிற அரங்குவீட்டுச் சாவி எல்லாம் கொத்தாக அவள் இடுப்பில்தான் தொங்கும். மாசமாக இருக்கிற பெண் ஒரு கடி வெல்லம் வேண்டுமென்றாலும் அவளிடம் கேட்டு நிற்க வேண்டும். பாவம் அந்தப் பிள்ளை.

"உங்க அண்ணன்மாரு வெறுங்கையோட வந்து இலையில உக்காரத்தான் லாயக்குன்னு ஊர் முன்னாடி சொல்றாங்கண்ணே. 'அவங்க கையால உருப்படியா ஒண்ணு செஞ்சு, அது எங்க நடுவீட்ல நிக்கட்டும், அந்த நிமிஷமே சாவிக்கொத்தை உன் கையில குடுத்துட்டு என் வீட்டைப் பார்த்துப் போயிடறேன்'னு சவால் விட்டுட்டாங்க. கடையில வாங்கினா செல்லாதாம். எப்படியாவது செஞ்சுட்டு வாங்கண்ணே. என்னைக் கைவிட்டுடாதீங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அழாத தாயி. உசுரே போனாலும் கையை விட மாட்டோம்" என்றார் உலகநாதன்.

"அதுவும் சரிதான்" என்றார் வெயிலுமுத்து. சமுத்திரம் படுத்தபடியே கையை மட்டும் தூக்கி ஆமோதித்தான்.

செய்வதாகச் சொல்லிவிட்டார்கள், எதைச் செய்வது? அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அவர்கள் வீட்டு டிவியில் படம் வந்து வருஷக்கணக்காகிறது. சத்தம் மட்டும்தான் வரும். ஒரு அக்கா பேசினார்.

"இன்னிக்கு நாம, பைசா செலவில்லாம, நடுவீட்டுல வைக்கிற மாதிரி அழகான பூச்சாடி செய்யப்போறோம். சொந்தக்காரங்களுக்குப் பரிசாவும் குடுக்கலாம்."

"நடுவீடுன்னு சொல்றாங்கடா! நம்ம சொர்ணத்துக்காகவே சொல்றாங்க" என்று உலகநாதன் துள்ளிக் குதித்தார். மூன்று பேரும் இருட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்தார்கள். நானும் தெருவைத் தாண்டிப் போய் ஜன்னலில் சாய்ந்துகொண்டேன். எப்படியும் கடையில் ஆள் இல்லை.

"முதல்ல, உங்க வீட்டுல சும்மா கிடக்கிற ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க" என்றார் அக்கா.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆலோசனை ஆரம்பித்தது.

"நம்ம வீட்ல சும்மா கிடக்கிறது எது?" என்றார் உலகநாதன்.

"அம்மி?" என்றார் வெயிலுமுத்து.

"அதுல காலையிலதான சட்னி அரைச்சோம். அது உழைக்குது."

"ஓட்டைக் குடை?"

"மழைக்குப் பிடிக்கிறோம்லா. நனையிறோம், ஆனாலும் பிடிக்கிறோம். அதுவும் உழைக்குது."

வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். துடைப்பம் பெருக்குகிறது. சட்டி கொதிக்கிறது. படம் வராத டிவி கூடப் பேசுகிறது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கால் தடுக்கி விழுந்தார்கள். தடுக்கியது சமுத்திரம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏலே சமுத்திரம், நீ என்ன செய்துக்கிட்டு இருக்கே?"

"சும்மா கிடக்கேன்ணே."

"வார்த்தைக்கு வார்த்தை அக்கா சொன்னதுதான்!" என்றார் உலகநாதன்.

சமுத்திரம் கொஞ்ச நேரம் யோசித்தான். "நியாயமாத்தான் இருக்கு" என்றான். "ஆனா நான் எழுந்திரிக்க மாட்டேன். நீங்களே எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல் வழியாகவே கொல்லை வரைக்கும் தெரியும், நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

அடுத்து, "நல்லாத் தேய்ச்சுக் கழுவி, தலைகீழாக் கவுத்து வச்சு, தண்ணி வடிஞ்சதும் நிழல்ல காய வைங்க" என்று அக்கா சொல்லியிருந்தார். கழுவினார்கள். சமுத்திரம் போன வருஷத் தீபாவளிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்த்தான். பிறகு முருங்கை மரத்து நிழலில் தலைகீழாக நிறுத்தி, கால் இரண்டையும் கிளையில் சாய்த்து வைத்தார்கள். அவனுக்கு அந்த நிலையிலும் தூக்கம் வந்துவிட்டது. சாயங்காலம்தான் முழித்தான்.

"அண்ணே, வயிறு காயுதுண்ணே."

"உள்ளேயே காய ஆரம்பிச்சிட்டா வெளியே காயுறதுக்கு எவ்வளவு நேரம் ஆயிடும்!" என்று உலகநாதன் சந்தோஷப்பட்டார்.

அடுத்தது உப்புத்தாள். "உப்புத்தாள் போட்டு வழவழன்னு வர்ற வரைக்கும் தேய்க்கணும்" என்பது அக்காவின் உத்தரவு. தச்சு வேலைக்காரர்கள் மரத்தைத் தேய்க்கிற சொரசொரப்பான தாள்தான் அது. நமக்குத் தெரியும். அவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். அடக்க முடியாத சிரிப்பில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், வாயில் வார்த்தை வரவில்லை.

"உப்பு தெரியும். தாளும் தெரியும். ரெண்டும் ஒண்ணா எங்க கிடைக்கும்?" என்றார் உலகநாதன்.

"ஒண்ணா வாங்கினா விலை கூட இருக்கும்ணே. தனித்தனியா எடுத்து நாமளே சேர்த்துக்குவோம். பைசா செலவில்லாமன்னு அக்கா சொன்னாங்கல்ல?" என்றார் வெயிலுமுத்து.

"அதுவும் சரிதான்" என்று இந்தத் தடவை உலகநாதன் சொன்னார்.

பழைய பேப்பரில் கல்லுப்பை அள்ளிச் சமுத்திரத்தைத் தேய்த்தார்கள். அவன் "ஐயோ அம்மா" என்றான். வழவழப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆடு வேலியைத் தாண்டி வந்தது. உப்பென்றால் ஆடு விடுமா? உச்சியில் ஆரம்பித்துப் பாதம் வரை நக்கித் தீர்த்துவிட்டது. சமுத்திரம் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்துப் புரண்டான். ஆடு போன பிறகு வெயிலுமுத்து அவன் முதுகில் கையை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு போனது.

"வழவழன்னு வந்திருச்சுண்ணே!"

"அக்கா சொன்ன எதுவும் பொய்யாகலடா" என்று உலகநாதன் டிவி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்புறம், "உங்க கற்பனையையும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க" என்று ஒரு வரி. இருவரும் மளிகைக் கடைக்குப் போய்க் கற்பனை இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்காரர் பருப்பு நிறுக்கிற அவசரத்தில் "அதெல்லாம் மூளையில இருக்கும், இங்க ஏது" என்று விரட்டிவிட்டார். நேரே கறிக்கடைக்குப் போனார்கள்.

"அண்ணாச்சி, மூளை இருக்கா?"

"இன்னிக்கு இல்லையேப்பா."

"எங்ககிட்டயும் இல்ல. அதான் உங்ககிட்ட வந்தோம்."

கறிக்கடைக்காரர் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாராம். சரி, கற்பனை இல்லாமலேயே செய்வது என்று முடிவானது.

இதுவரை நான் பார்த்துச் சிரித்ததெல்லாம் சரி. அடுத்த வரிதான் என் தலையில் விழுந்தது. "ஒரு கோட்டு அடிங்க. காய்ஞ்சதும் மேல இன்னொரு கோட்டு அடிங்க." அக்கா சொன்னது பெயிண்ட்.

நான் அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தேன். என் ஸ்டூடியோவில் ஆணியில் இரண்டு கோட்டுகள் தொங்கும். ஒன்று கறுப்பு, ஒன்று மெரூன். போட்டோவுக்கு மாப்பிள்ளைகள் மாட்டிக்கொள்வதற்காக என் அப்பா காலத்தில் தைத்தவை. அண்ணனும் தம்பியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக உள்ளே வந்தார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு கோட்டு அடிக்கணும்" என்றார் உலகநாதன்.

"அடிங்களேன். அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"உங்ககிட்டதான் அடிக்கணும். திருடுறது தப்புதான். ஆனா டிவியிலயே சொல்லிட்டாங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்களா?"

என்ன விளையாட்டோ என்று நானும் திரும்பி நின்றேன். என் புத்தியை என்ன சொல்ல! திரும்பிப் பார்த்தால் ஆணி மட்டும்தான் இருந்தது. வெயிலுமுத்து வாசலில் நின்று "அடிச்சுட்டோம் அண்ணாச்சி, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினார்.

சமுத்திரத்துக்கு முதலில் கறுப்புக் கோட்டு. அது காயட்டும் என்று கொஞ்ச நேரம் விசிறிவிட்டு, மேலே மெரூன் கோட்டு. பிறகு மைதா மாவுப் பசை காய்ச்சி, கோட்டு முழுக்கத் தடவி, உடைந்த கண்ணாடிச் சில்லு, வளையல் துண்டு, பாசிமணி, ஜிகினா எல்லாம் ஒட்டினார்கள். காலையில் பார்த்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டும், பளபளவென்று நன்றாகத்தான் இருந்தான். என் கோட்டு போன துக்கமே பாதி மறந்துவிட்டது.

ஆனால் இன்னும் ஒரு கட்டளை இருந்தது. "பசை காயுற வரைக்கும் கையை எடுக்காதீங்க." அது ஐப்பசி மாசம். விடிந்ததிலிருந்து அடைமழை. எந்தப் பசை காயும்?

"டிவி அக்காவும் கையை எடுக்காதேங்கறாங்க, தங்கச்சியும் கைவிடாதேங்கறா" என்றார் உலகநாதன். "இனி இந்தக் கை எடுபடாதுடா."

உலகநாதன் முன்னால் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொள்ள, வெயிலுமுத்து பின்னால் அழுத்திக்கொள்ள, நடுவில் சமுத்திரம். அப்படியே பஸ் ஏறினோம். நானும் கூடப் போனேன், வளைகாப்புக்குப் போட்டோ எடுக்கச் சொர்ணம் என்னைத்தான் சொல்லியிருந்தாள். ஓட்டைக் குடையைப் பூச்சாடிக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன்.

கண்டக்டர் வந்தார். "எத்தனை பேரு?"

"அண்ணாச்சியோட சேர்த்து மூணு டிக்கெட்டு, ஒரு லக்கேஜு" என்றார் உலகநாதன்.

"லக்கேஜு எங்க?"

"இதோ" என்று இருவரும் தாடையால் காட்டினார்கள். லக்கேஜ் கண்டக்டரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. கண்டக்டர் நேரே முன்பக்கம் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சொர்ணத்தின் ஊர் வரை திரும்பியே பார்க்கவில்லை.

வீடு நிறையக் கூட்டம். நடுவில் மணையில் சொர்ணம், கன்னத்தில் சந்தனம், கண் மட்டும் வாசலில். பக்கத்தில் வடிவு, இடுப்பில் சாவிக்கொத்து சலங் சலங்கென்று. நாங்கள் நுழைந்ததும் வீடே வாயைப் பிளந்தது.

"என்னண்ணே இது?" என்றாள் சொர்ணம்.

"பூச்சாடி தாயி. எங்க கையால செஞ்சது. நடுவீடு எது?"

நடுவீட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "வாய் வரைக்கும் தண்ணி ஊத்திப் பூவைச் சொருகுங்க" என்பது அக்காவின் கடைசிக் கட்டளை, அவர்கள் கையை எடுக்க முடியாததால் என்னை ஊற்றச் சொன்னார்கள். "குடிக்கலாமா?" என்று சமுத்திரம் கேட்கப் பார்த்தான். "பூச்சாடி எங்கயாவது குடிக்குமா? வாயிலயே வச்சுக்கோ" என்று சொல்லி, உப்பிய வாயில் ஒரு கொத்துச் செவ்வந்தியையும் என்னை விட்டே சொருகச் சொன்னார்கள். காதுக்கு ஒன்று, கோட்டுப் பைக்கு ஒன்று.

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி சொர்ணம், உங்க அண்ணன்மாரு கையால ஒரு பொருள் செய்யச் சொன்னா, ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காங்களேடி! இது உங்க சின்ன அண்ணன் இல்ல? எல்லாரும் பார்த்துக்கோங்க. இதுக்குப் பேரு கைவேலையாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். புதுவளையல் மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது. அதைப் பார்த்து உலகநாதனும் அழுதுவிட்டார். கண்ணீரைத் துடைக்கக் கூட அவர் கையை எடுக்கவில்லை. நான் கேமராவைக் கீழே இறக்கினேன். முந்தின நாள் ஜன்னலில் தொங்கிச் சிரித்தது நான்தானே.

அப்போது மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சொர்ணத்தின் மாமியார் எழுந்து வந்தார். சமுத்திரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"இவன், தாலி கட்டும்போது கூடப் படுத்தே கிடந்த பய இல்ல?"

"ஆமாத்தே" என்றாள் சொர்ணம்.

"மறுவீட்டுக்கு வந்தப்ப, ஆரத்தியைப் படுக்க வச்சு எடுத்தோமே, அந்தப் பயதானே?"

"அவரேதாம்மா" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

மாமியார் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி வடிவு, இவனைப் பெத்த தாயாலயே நிக்க வைக்க முடியல. பள்ளிக்கூடத்து வாத்தியாரால முடியல. இவங்க ரெண்டு பேரும் கையால பிடிச்சு நிக்க வச்சிருக்காங்க. இது கைவேலை இல்லைன்னா வேற எதுட்டி கைவேலை? நடுவீட்ல நிக்கணும்னு நீதான சொன்னே? நிக்குதா இல்லையா?"

அத்தனை பேரும் பார்த்தார்கள். சமுத்திரம் நின்றுகொண்டுதான் இருந்தான்.

வடிவு விடுவாளா? "ஏய், வாயைத் திறந்து சொல்லு, நீ ஆளா பொருளா?" என்று அவன் முகத்துக்கு நேரே போய் அதட்டினாள். அந்த நேரம் பார்த்துச் செவ்வந்தி இதழ் ஒன்று சமுத்திரத்தின் மூக்கில் புகுந்தது. ஒரு தும்மல்! வாயிலிருந்த மொத்தத் தண்ணீரும் பூவும் வடிவின் பட்டுச்சேலையில் அபிஷேகம் ஆகிவிட்டது.

"ஒழுகுதுடா" என்றார் உலகநாதன் கவலையோடு.

"இன்னொரு கோட்டு அடிச்சிருக்கணும்ணே" என்று வெயிலுமுத்து என் சட்டையைப் பார்த்தார்.

சிரிப்பில் வீடே ஆடியது. சொர்ணம் அழுதுகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வடிவு நனைந்த சேலையைப் பிழிந்தாள், பிறகு சாவிக்கொத்தை அவிழ்த்துச் சொர்ணத்தின் மடியில் போட்டாள். சொர்ணம் எழுந்ததும் முதல் வேலையாக அரங்குவீட்டைத் திறந்து ஒரு உருண்டை வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதை நான் படம் எடுத்தேன். பூச்சாடியோடு எல்லாரையும் நிறுத்தி, "யாரும் அசையாதீங்க" என்று சொல்லி எடுத்தேன். எடுத்ததும் பந்தியில் பாயசம் என்று சத்தம் கேட்டது. ஓடிவிட்டேன்.

"போதும்" என்று சொல்ல மறந்தேபோனேன்.

அண்ணன்மார் இருவரையும் சொர்ணமே பிடித்துக் குலுக்கி, கையைப் பிய்த்தெடுத்து ஊருக்கு அனுப்பினாள். சமுத்திரம் இன்னும் அங்கேதான், நடுவீட்டில்தான் நிற்கிறான். சோறு ஊட்டினால் சாப்பிடுகிறான். நின்றபடியே தூங்கப் பழகிவிட்டதால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொர்ணம் சாவிக்கொத்தை அவன் காதில்தான் மாட்டி வைக்கிறாள். பிறந்த குழந்தை கோட்டிலிருக்கும் கண்ணாடிச் சில்லைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறதாம். நான் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறேன் என்றேன். சொர்ணம்தான் "வேண்டாம் அண்ணாச்சி, வீடு லட்சணமா இருக்கு" என்றுவிட்டாள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. வந்து பார்த்தவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றதில் வடிவுக்கு வயிறு எரிந்திருக்கிறது. போன வாரம் எதிர்வீட்டுக்கே வந்துவிட்டாள். "நடந்ததை மறந்திருங்க. எங்க வீட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள்.

இன்று காலை உலகநாதனும் வெயிலுமுத்தும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கையில் ஒரு பொட்டலமும் பழைய பேப்பரும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலில் ஆடு நின்றதையும் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, வேலையெல்லாம் எப்படி?" என்றார் உலகநாதன் அன்பாக.

"எங்க போங்க. ஒரு ஆள் வரல, சும்மாத்தான் கிடக்கேன்" என்றேன்.

என் வாய்! என் வாய்!

இந்தக் கதை முழுவதையும் முருங்கை மரத்தடியில் தலைகீழாக நின்றபடிதான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வடிந்துவிட்டது. ஆடு ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. "போதும், போதும்" என்று நூறு தடவை கத்திவிட்டேன். "பூச்சாடி பேசாது அண்ணாச்சி" என்கிறார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வயிறு காய்கிறது என்று கெஞ்சிப் பார்த்தேன்.

உலகநாதன் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல சரக்குடா வெயிலு, சீக்கிரமே காயுது" என்கிறார்.